ஸைனம்பு அரைத்த கூழ்

மீராசாஹிபு ஒருவரின் வார்த்தையை முதல் தடவையிலேயே நம்பினார் என்று சம்மாந்துறையில் எவரும் சொல்லமாட்டார்கள். நெல் வாங்கி ஆலைகளுக்கு விற்பது அவருடைய தொழில். உழவு இயந்திரத்தில் மூட்டை கொண்டுவந்தவர் "நல்லாக் காஞ்ச நெல்லு காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி முடிப்பதற்குள், இரும்புக் குழலைச் சாக்கின் அடியில் குத்தி, உள்ளே கிடக்கும் நெல்லை உள்ளங்கைக்கு எடுத்திருப்பார். மேலே காய்ந்ததைப் போட்டு அடியில் ஈர நெல்லை வைத்துக் கட்டுகிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். முகத்தில் எதுவும் தெரியாது. இந்த விலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டால் ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். "பாப்பம்" என்பார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரியாமல் எத்தனையோ பேர் வெயிலில் நின்று வியர்த்திருக்கிறார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். சாய்ந்தமருதில் அவர் குடியிருந்த வீடு மனைவி ஸைனம்புவுக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். மகள் நப்லா பிறந்து, வளர்ந்து, அவளுக்கும் பக்கத்து வளவில் வீடு கட்டிக் கொடுத்து, கலியாணமும் செய்துவைத்த பிறகும், 'இது அவளுடைய வீடு' என்ற நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை. வியாபாரத்தில் என்ன நடக்கிறது, யாரோடு என்ன பிணக்கு என்று வாய் திறந்து சொல்வதில்லை. ஸைனம்பு அவர் சாப்பிடும் விதத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாள். சோற்றை வேகமாக அள்ளினால் அன்று வியாபாரம் நல்லது. மீன்குழம்பான மீனாணத்தை ஊற்றி நெடுநேரம் பிசைந்துகொண்டிருந்தால் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். மறுசோறு கேட்டால் மனம் நோகும்படி ஏதோ நடந்திருக்கிறது.

அவர் மறுசோறு கேட்காத நாள் குறைந்துகொண்டே வந்தது. உடம்பு பெருத்தது. முழங்கால் மடங்க மறுத்தது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து, காலையும் மாலையும் குளிசை விழுங்குவது என்றானது. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே உறங்கினார். ஒருமுறை காரைதீவுச் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபடியே உறங்கிப்போய், பின்னால் வந்த பஸ்காரர் இறங்கிவந்து தோளைத் தட்டி எழுப்பினார்.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுவார். இமாம் குத்பா பிரசங்கம் ஓதிக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கதிரையின் பின்கால் இரண்டும் விரிந்து, அவர் மல்லாக்க விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். நாலுபேர் சத்தம் போடாமல் வந்து, கைகொடுத்துத் தூக்கி, வேறொரு கதிரையில், மரக்கதிரையில், உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். குத்பா ஒரு சொல்லும் தடைப்படாமல் நடந்தது.

அதன்பிறகு தம்பி றிஸ்வானைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். றிஸ்வான் கொழும்பில் இருந்த ஒரு வைத்தியரை விசாரித்துச் சொன்னான். இரைப்பையில் ஒரு சிறு பகுதியை மட்டும் விட்டு, அதைக் குடலோடு வேறு இடத்தில் இணைத்துவிடுவார்கள். கொஞ்சம்தான் சாப்பிட முடியும். உடம்பு இறங்கும். சீனி வருத்தமும் பலருக்குக் குறைந்திருக்கிறது. மீராசாஹிபு அன்றைக்கும் "பாப்பம்" என்றுதான் சொன்னார். ஆனால் அடுத்த மாதமே கொழும்புக்குப் போய்ப் பரிசோதனைகள் எல்லாம் செய்துகொண்டார்.

ஸைனம்புவிடம் பித்தப்பையில் கல் என்று சொன்னார். உண்மை அவளுக்குத் தெரிந்தபோது சத்திரசிகிச்சை முடிந்துவிட்டிருந்தது. றிஸ்வான் தொலைபேசியில் மதினியிடம் மறைக்கமுடியாமல் சொல்லிவிட்டான். கணவர் வீடு திரும்பியதும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், ஏன் தன்னிடம் மறைத்தார் என்று. சொன்னால் விடமாட்டாய் என்று அவர் பதில் சொன்னார். அது உண்மைதான். அவள் விட்டிருக்கமாட்டாள். ஆனால் அந்தப் பதில் அவளுக்குள் போய் இறங்கவில்லை. தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

முதலில் தண்ணீரும் தெளிந்த சூப்பும். பிறகு அரைத்த சாப்பாடு. எதையும் கட்டியில்லாமல் அரைத்து, சின்னக் கரண்டியால், நிறுத்தி நிறுத்திச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. மீன், முட்டை, பருப்பு, தயிர் முதலில், மற்றவை பிறகு. இவற்றையெல்லாம் ஆஸ்பத்திரியில் சஹ்லா என்ற பெண் அவருக்கு விளக்கிச் சொன்னாள். நோயாளிகள் என்ன சாப்பிடலாம், எப்படிச் சாப்பிடலாம் என்று ஆலோசனை சொல்வதுதான் அவளுடைய வேலை. ஏன் அப்படி, மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். மீராசாஹிபு கவனமாகக் கேட்டார். கேட்டதை எல்லாம் தன்னோடு வைத்துக்கொண்டார். ஸைனம்புவிடம் வந்து சேர்ந்தது நாலு சொல்தான். "எல்லாத்தையும் அரைச்சிக் குடு. கொச்சிக்காய் வேணாம். சீனி வேணாம்."

மிளகாயையும் சீனியையும் ஒதுக்கிவைத்துவிட்டு அவள் புதிதாக ஒரு பிளெண்டர் வாங்கினாள். பாறை மீனை அவித்து, முள் பார்த்து, பிட்டுப் பிட்டு அரைத்தாள். பருப்பை மஞ்சள் போட்டுக் கரையக் காய்ச்சினாள். பூசணிக்காய், கரட், குரக்கன் மாவுக் கூழ் என்று மாற்றி மாற்றிச் செய்தாள். அவர் ஒரு கோப்பையில் கால்வாசி குடித்துவிட்டு மேசையில் வைத்துவிடுவார். முகத்தில் ஒன்றும் இல்லை. அள்ளவும் இல்லை, பிசையவும் இல்லை, மறுசோறும் இல்லை. இத்தனை வருசமாகப் படித்துப் பழகியது அவளுக்கு ஒரேயடியாக இல்லாமல் போயிற்று.

உடம்பு இறங்கியது. கழுத்து தெரிந்தது. இடுப்பில் சாரத்தை இறுக்கி இறுக்கிக் கட்டினார். பழைய சேர்ட்டுகள் தொங்கியதால் கல்முனைக்குப் போய்ப் புதிதாக இரண்டு வாங்கினார். தாடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டார். இவை எல்லாம் இயல்பாக நடப்பவைதான். ஆனால் பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாவின் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. ஊரில் எந்த வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள், எங்கே பேச்சு முறிந்தது என்று அவவுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. வேலியோரம் நின்று ஸைனம்புவிடம் சொன்னா, "ஆம்பிளை மெலியிறது ரெண்டு காரணத்துக்குத்தான் புள்ள. ஒண்டு வருத்தம். அவருக்கு இப்ப வருத்தம் இல்லயே."

மற்றக் காரணத்தை அவ சொல்லவில்லை. சொல்லாததால் ஸைனம்பு அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதோடு சில தொலைபேசி அழைப்புகளும் வந்துகொண்டிருந்தன. வாரத்தில் ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு யாரோ அழைப்பு எடுப்பார்கள். மீராசாஹிபு உடனே எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விடுவார். ஒருநாள் குசினி ஜன்னலடியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற ஸைனம்புவுக்கு மறுமுனையில் பெண்குரல் கேட்டது. "இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டீங்களா?" என்று அந்தக் குரல் கேட்டதும், அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ மெதுவாகச் சொன்னதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. வயிற்றுப்போக்கைப் பற்றியும் வாந்தியைப் பற்றியும் ஒரு பெண்பிள்ளையிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் அவர் கிணற்றடிக்குப் போனார். அது ஸைனம்புவுக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஹவ்வா உம்மாவே ஒரு செய்தியும் கொண்டுவந்து கொடுத்தா. அக்கரைப்பற்றில் ஒரு பெண் இருக்கிறாள், கணவர் மௌத்தாகி, மறுமணத்துக்கு முன் இருக்க வேண்டிய இத்தாவும் முடிந்துவிட்டது, சொந்த வீடு, பிள்ளை இல்லை. அவளுக்காக ஒரு தரகர் பள்ளிவாசல் வாசலில் வைத்து மீராசாஹிபிடம் கதைத்திருக்கிறார். மீராசாஹிபு என்ன சொன்னார் என்று ஸைனம்பு கேட்டாள்.

"பாப்பம் எண்டாராம்" என்றா ஹவ்வா உம்மா.

ஸைனம்பு அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு வழி இருந்தது. உடம்பு வற்றிப்போனதால்தானே இந்தக் கதையெல்லாம்? உடம்பு திரும்ப வந்தால் அக்கரைப்பற்றுக்காரி ஏன் பார்க்கப் போகிறாள்? சத்திரசிகிச்சைக்குப் பிறகு சீனி வருத்தம் இறங்கிவிட்டது, குளிசையை நிறுத்தலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியும். வருத்தம் இல்லாதவருக்குச் சீனி ஏன் கூடாது என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பூசணிக்காயை அரைக்கும்போது சீனி போட்டுக் காய்ச்சிய டின்பால் ஒரு கரண்டி ஊற்றினாள். குரக்கன் கூழில் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்த்தாள். டின்பால் டின்னை மாவு டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அரைக்கப் பழகினாள்.

மீராசாஹிபுக்கு நாக்கின் சுவையே மாறிப்போயிருந்தது. பூசணிக்காய் இனிக்கத்தானே செய்யும் என்று குடித்தார். குடித்துக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. முதுகு நனைய வியர்த்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வயிற்றைப் புரட்டி, கழிவறைக்கு ஓடி, திரும்பி வந்து விழுந்து படுத்தார். எல்லாம் அடங்க நெடுநேரம் ஆனது. மறுநாள் மீன் அரைத்ததைச் சாப்பிட்டபோது ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் கூழ் குடித்ததும் மறுபடி அதே கூத்து.

நெல்லைச் சோதிக்கிற மாதிரி அவர் இதையும் சோதிக்கத் தொடங்கினார். எந்த நாளில் எதைக் குடித்தேன், யார் கையால் குடித்தேன்? ஒருநாள் நப்லா வந்து முட்டையை அவித்துத் தயிரோடு அரைத்துக் கொடுத்தாள். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸைனம்பு கதவைச் சாத்திக்கொண்டு செய்தால்தான் வருகிறது. குசினிக்குள் அவர் தலை தெரிந்ததும் அவள் பேச்சை நிறுத்துவதையும், மாவு டின்னைச் சரிசெய்கிற மாதிரி அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வதையும் கவனித்தார். தன்னிடம் மறைத்துச் சத்திரசிகிச்சை செய்துகொண்டதை அவள் மன்னிக்கவில்லை என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மட்டக்களப்புப் பக்கம் பெண்கள் சாப்பாட்டில் வசிய மருந்து வைத்து மாப்பிள்ளையை எழுந்து போகவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர் வியாபாரிகள் அவரைப் பார்த்துச் சொல்லிச் சிரித்ததுண்டு. அவரும் சேர்ந்து சிரித்தவர்தான். இப்போது படுக்கையில் வியர்த்துக்கொண்டு கிடக்கும்போது அந்தச் சிரிப்பு அவருக்கு வரவில்லை.

சஹ்லாவிடம் அவர் இதையும் முழுதாகச் சொல்லவில்லை. "கொஞ்சம் தலைச்சுத்து" என்று மட்டும் சொன்னார். சாப்பாட்டில் என்ன போடுகிறார்கள் என்று அவள் கேட்டாள். தெரியாது என்றார். வீட்டுக்காரியிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னாள். அவள் வெளியே போயிருக்கிறாள் என்று பொய் சொன்னார். முன்பும் இப்படித்தான் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ளுஹர் தொழுகை முடிந்து வந்தார். ஸைனம்பு பூசணிக் கூழைக் கோப்பையில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நில்லு" என்றார் மீராசாஹிபு.

அவள் நின்றாள்.

"இதை நீ குடி."

"எனக்கென்னத்துக்கு? நான் சோறு திண்டுட்டன்."

"குடி எண்டு சொல்றன்."

ஸைனம்பு அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் எதை நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்பது அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கோப்பையைக் கையில் எடுத்தாள். நின்றபடியே, ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கோப்பையை அவருக்கு முன்னால் கவிழ்த்துவைத்தாள்.

"நான் மருந்து வெச்சிட்டன் எண்டா நினைச்சீங்க?"

அவர் அவளுக்கு ஏதாவது ஆகிறதா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாத்திரம் கழுவினாள், முற்றம் கூட்டினாள், துணி மடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. முழு இரைப்பை உள்ளவளுக்கு டின்பால் என்ன செய்யும்? அவர் வைத்த சோதனை கேட்டது மருந்து இருக்கிறதா என்ற கேள்வியைத்தான். அதில் அவள் தேறிவிட்டாள். ஆனால் டின்பாலைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஏன் போட்டாய் என்று கேட்பார், அதற்குப் பதிலாக அக்கரைப்பற்றைச் சொல்ல வேண்டிவரும்.

வெட்கம் ஒரு பக்கம், ஆளைப் பார்த்து வைக்கிற மருந்து மற்றவரை ஒன்றும் செய்யாதோ என்ற பயம் ஒரு பக்கமாக அவர் அன்று பின்னேரமே ஒரு பையில் உடுப்பை எடுத்து வைத்தார். குசினிக்குப் போய்ப் பிளெண்டரையும் எடுத்தார். அதை ஒரு துவாயில் சுற்றி மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டு, சம்மாந்துறையில் இருந்த தன்னுடைய நெல் களஞ்சியத்துக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை பையோடு மனைவி வீட்டை விட்டு இறங்கினால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான், விட்டுப் பிரிந்துவிட்டார் என்று. அவர் காரைதீவைத் தாண்டுவதற்குள் சாய்ந்தமருதுக்கு விசயம் தெரிந்துவிட்டது.

களஞ்சியத்தின் பின்னறையில் ஒரு காஸ் அடுப்பு இருந்தது, தேநீர் போடுவதற்கு. அதில் மீராசாஹிபு தன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சமைத்தார். சூடான பருப்பை ஊற்றி மூடியைப் பிடிக்காமல் பிளெண்டரைப் போட்டதில் சுவரெல்லாம் மஞ்சளானது. மறுநாள் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். மீனை அவித்துத் தோலை உரித்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்தார். முட்டையை மசித்து எருமைத் தயிரில் குழைத்தார். உப்புச் சில நாள் கூடியது, சில நாள் இல்லாமலே போனது. நெல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சின்னக் கரண்டியால், தனியாகச் சாப்பிட்டார்.

நெஞ்சு படபடக்கவில்லை. வியர்க்கவில்லை. வயிறு அமைதியாக இருந்தது.

அந்த அமைதி அவரைக் கலக்கியது. தன் கையால் செய்தால் சுகம், அவள் கையால் செய்தால் வருத்தம். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? றிஸ்வான் வந்து, வீட்டுக்குப் போங்க காக்கா, ஊர் சிரிக்கிறது என்று எவ்வளவோ சொன்னான். அவர் அவனிடமும் காரணம் சொல்லவில்லை. இத்தனை வருசம் ஒன்றாக வாழ்ந்தவளைப் பற்றி அப்படி ஒரு சொல்லை வாய்விட்டுச் சொன்னால் திரும்ப எடுக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சாய்ந்தமருதில் ஸைனம்புவுக்கும் சந்தேகம் தீர்ந்து, உறுதியாகிவிட்டது. மருந்து வைத்தாள் என்று பழி போட்டது ஒரு சாட்டு. அவர் போகத்தான் நின்றார். அப்படித்தான் அவள் எண்ணினாள். இனி யாருக்குப் பயம்? முன்பு ஒருநாள் வாப்பா மீராசாஹிபு தொலைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனபோது, வாராவாரம் அழைக்கும் அந்தப் பெண்ணின் இலக்கத்தை நப்லா எடுத்துவைத்திருந்தாள். அதை அழைத்துத் தரும்படி ஸைனம்பு மகளிடம் சொன்னாள். நப்லா வேண்டாம் உம்மா என்றாள். பிறகு அழைத்துக் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஆரு?" என்று ஸைனம்பு கேட்டாள். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"நான் சஹ்லா. ஆஸ்பத்திரியில சாப்பாட்டு ஆலோசனை குடுக்கிறவ. நீங்க?"

"நான் மீராசாஹிபுட வீட்டுக்காரி."

மறுமுனையில் அந்தப் பெண் சொன்னாள், "அல்ஹம்துலில்லாஹ். உங்களோட கதைக்கணும் எண்டு எத்தினை தரம் கேட்டன். அவர் போனைத் தரவே இல்ல."

ஸைனம்பு நிலத்தில் உட்கார்ந்தாள். சஹ்லா ஒவ்வொன்றாகக் கேட்டாள். மீன் எப்படி அரைக்கிறீர்கள், பருப்பு எவ்வளவு கொடுக்கிறீர்கள், பூசணிக்காயில் என்ன சேர்க்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டாள். ஸைனம்பு எல்லாவற்றையும் சொன்னாள். டின்பாலையும் பேரீச்சம்பழத்தையும் சொன்னாள். சஹ்லா கோபப்படவில்லை. அவருடைய வயிறு இப்போது வேறு மாதிரி, இனிப்பை உள்ளே போட்டால் தங்காமல் நேரே குடலுக்குள் இறங்கிவிடும், உடம்பு அதைத் தாங்காது, நெஞ்சு அடிக்கும், வியர்க்கும், மயக்கம் வரும், வயிற்றால் போகும் என்று மெதுவாக விளக்கினாள். அப்படி ஏதாவது வந்ததா என்று கேட்டாள்.

"வந்திச்சி" என்றாள் ஸைனம்பு. "வேர்க்கிறத்தைப் பார்த்திட்டு, பெலன் இல்ல எண்டு நான் இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்டன்."

அவள் சொன்னது அவளுக்கே கேட்டது. தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையிலேயே ஒரு ஆட்டோ பிடித்துச் சம்மாந்துறைக்குப் போனாள். அறுவடைக் காலம். வீதியின் ஒரு பக்கம் நீளத்துக்கு நெல் காய்ந்தது. உழவு இயந்திரங்களுக்குப் பின்னால் ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து போனது. களஞ்சிய வாசலில் நின்ற கூலியாட்கள் அவளைக் கண்டதும் ஒதுங்கினார்கள். மீராசாஹிபு பின்னறையில் முட்டைக்கோது உரித்துக்கொண்டிருந்தார்.

அவள் உட்காரவில்லை. கூழில் டின்பால் ஊற்றியதையும், அதுதான் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதையும், அந்தப் பெண் சொன்ன விளக்கத்தையும் நின்றபடியே சொன்னாள். அவர் முட்டையைக் கீழே வைத்தார். நெஞ்சில் கிடந்த பெரிய பாரம் ஒன்று இறங்கியதும், அந்த இடத்தில் கோபம் ஏறியது.

"ஏன் ஊத்தின?"

"மெலிஞ்சா நீங்க போயிருவீங்க எண்டு."

"நான் எங்க போற?"

"அக்கரைப்பத்துக்கு."

அவருடைய முகம் மாறியது. இத்தனை வருசத்தில் அவர் முகத்தில் ஒன்று தெரிந்ததை அன்றுதான் அவள் பார்த்தாள். தரகர் ஒருவர் வந்து கதைத்தது உண்மைதான் என்றும், தான் அதைப் பெரிதாக எடுக்கவே இல்லை என்றும் சொன்னார். அந்த ஆளைத் துரத்தும்படி ஒரு சொல் சொன்னீர்களா என்று அவள் கேட்டாள். "பாப்பம் எண்டு சொன்னன்" என்றார். தன்னுடைய அகராதியில் அதற்கு 'இல்லை' என்றுதான் பொருள் என்றும் சொன்னார்.

"நெல்லுக்காரனுக்கு அது இல்ல எண்டு இரிக்கும்" என்றாள் ஸைனம்பு. "பொம்பிளைக்கு அது ஓம் எண்டுதான். அவளும் அங்க ஓம் எண்டு நினைச்சிக்கிட்டு இரிப்பாள். இப்பவே போனை எடுத்துச் சொல்லுங்க."

அவர் தயங்கினார். மெலிந்த உடம்போடு புதுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் நின்றபோது, தன்னையும் ஒருத்திக்குக் கேட்கிறார்கள் என்பது அவருக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. அதை அவர் தனக்குத்தானே ஒப்புக்கொண்டது அந்த நிமிசத்தில்தான். தொலைபேசியை எடுத்து, ஸைனம்பு கேட்கும்படி, தரகரிடம் சொன்னார். எனக்கு விருப்பமில்லை, இனி இந்தக் கதையைக் கொண்டுவர வேண்டாம், அந்தப் பெண்ணிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தரகர் மறுமுனையில் ஏதோ சிரித்துச் சமாளித்தார். மீராசாஹிபு ஸலாம் சொல்லி வைத்தார்.

"நான் நஞ்சு தருவன் எண்டு நீங்க நெசமாவே நினைச்சீங்களா?" என்று அவள் அதன்பிறகு கேட்டாள்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம்" என்றார். "நினைச்சன்."

அவள் திரும்பினாள். மேசையில் கிடந்த பிளெண்டரின் அடியில் பருப்பு காய்ந்து ஒட்டிக்கிடந்தது. அதைக் கழற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்துவிட்டுத் தனியாகவே ஊருக்குத் திரும்பினாள். அவரைக் கூப்பிடவில்லை.

மீராசாஹிபு அந்தக் கிழமையின் கடைசியில் தானாகவே வந்தார். ஸைனம்பு கதவைத் திறந்துவிட்டாள். குசினிக் கதவையும் திறந்தே வைத்தாள். இனி அரைக்கும்போது விரும்பினால் வந்து நின்று பார்க்கலாம், சஹ்லா எடுத்தால் போனைத் தன்னிடம் தர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் சரி என்றார். கொஞ்ச நாளைக்கு உண்மையிலேயே வந்து நின்றும் பார்த்தார். அவளும் அவருடைய தொலைபேசி ஒலித்தால் திரையை எட்டிப் பார்த்தாள். இருவரும் அதை ஒருவருக்கொருவர் மறைக்கவில்லை. ஹவ்வா உம்மா வேலியோரம் வந்தால் ஸைனம்பு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விடுவாள்.

அரைத்ததிலிருந்து மென்மையான சாப்பாட்டுக்கு மாறும் காலம் வந்தது. எதைக் கொடுக்கலாம் என்று இருவரும் சேர்ந்துதான் தெரிவு செய்தார்கள். கல்முனைச் சந்தையில் விளைமீனைத் தூக்கி, இதில் முள் குறைவு, சதை உதிரும் என்று அவள் சொல்வாள். அவர் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டார். கோழி இறைச்சியை எவ்வளவு அரைத்தாலும் நார் தொண்டையில் நின்றது, அதை விட்டார்கள். கொச்சிக்காய் போடாத புளியாணத்தில் மீனை உதிர்த்துப் போட்டால் இறங்கியது. இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியில் ஊறவைத்தால் அரைவாசி சாப்பிட முடிந்தது. சோறு மட்டும் நீண்ட நாளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நெல் வியாபாரி சோறு தின்ன முடியாமல் இருக்கிறாரே என்று ஊர் கதைத்தது. அவருக்கும் அது கவலைதான்.

சில நாள் அவசரத்தில் பெரிய கரண்டியாய் வாயில் போட்டு, நெஞ்சை அடைத்துக்கொண்டு தவித்தார். அப்போதெல்லாம் ஸைனம்பு பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருநாள் அப்படித் தவித்து முடிந்தபிறகு, எந்தக் கேள்வியும் கேட்காமலே, அன்று ஆலைக்காரர் ஒருவர் பேசின விலையை மாற்றிவிட்டதைத் தானாகவே அவளிடம் சொன்னார். அவள் காது கொடுத்துக் கேட்டாள். ஆலோசனை எதுவும் சொல்லவில்லை.

போன மாதம் வைத்தியரிடம் காட்ட இருவரும் சேர்ந்து கொழும்புக்குப் போனார்கள். ஸைனம்பு சஹ்லாவுக்கென்று ஒரு சட்டி எருமைத் தயிரை வாழையிலையில் கட்டி, வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குரலைக் கேட்டு அவள் மனதில் எழுதிவைத்திருந்த பெண் வேறு. நேரில் வந்தவள் கண்ணாடி போட்ட, பிள்ளைத்தாய்ச்சியான, களைத்துப்போன ஒரு பெண். ஸைனம்பு தயிர்ச்சட்டியை அவளுடைய மேசையில் வைத்துவிட்டு, கர்ப்பிணி இவ்வளவு நேரம் நின்றுகொண்டு வேலை செய்யக் கூடாது என்று சொன்னாள்.

வைத்தியரைப் பார்க்க வெளியே காத்திருந்த இடத்தில், அடுத்த கிழமை இதே சத்திரசிகிச்சைக்கு வரவிருந்த ஒரு பருத்த மனிதரும் அவருடைய மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இனி இவருக்கு என்னத்தைக் கொடுப்பது என்று அந்தப் பெண் ஸைனம்புவிடம் மெல்லக் கேட்டாள். ஸைனம்பு பருப்பிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மீராசாஹிபு இரண்டு கதிரை தள்ளி, வேறெங்கோ பார்த்தபடி இருந்தார்.

"மீனைச் சொல்லு முதல்ல" என்றார்.

பிறகு அவரே எழுந்துவந்து, அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முள் எடுக்கும் விதத்தைக் கையால் காட்டிக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். தாதி வந்து அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.